சுன்னாகத்துக்குப் போகும் ஒரு லொறிச் சாமான்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கணவரின் ஊர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். அங்கே கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில், எங்கள் காணியிலேயே ஒரு ஹாட்வெயார் கடை கட்டி முடித்திருக்கிறோம். தைப்பொங்கலன்று திறக்க எண்ணம். முதல் சாமான் முழுவதையும் கொழும்பில் வாங்குகிறோம். இரண்டுக்கு இரண்டு அடி ரைல்ஸ் 180 பெட்டி, கொமட் 12, பத்து லீற்றர் பெயின்ற் வாளி 60, ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி 4. ரைல்ஸ் களனிப் பக்கம் ஒரு ஸ்டோரில் இருக்கிறது. மற்றவை பழைய சோனகத் தெருவில் இரண்டு கடைகளில். பதினாலரை அடி லொறி வைத்திருக்கும் ஒருவர், "எல்லாம் அடங்கும், இரவு ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் விடிய ஐந்து மணிக்கு வாசலில் நிற்கும்" என்கிறார். இன்னொருவர் இருபது அடி லொறிதான் வேண்டும் என்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்கிறார். யார் சொல்வது சரி? எப்போது அனுப்புவது? வழியில் உடைந்தால் யார் பொறுப்பு?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, சாமானை எண்ணிக்கையோடு எழுதியிருப்பது. கொழும்பிலிருந்து வடக்குக்குச் சாமான் ஏற்றிவிடுவதே இருபத்தைந்து வருடமாக என் தொழில். "ஒரு லொறி சாமான் இருக்கிறது, எவ்வளவு?" என்றுதான் பத்தில் ஒன்பது பேர் கேட்பார்கள். எண்ணிக்கை இருந்தால் மிச்சத்தைக் கணக்குப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதலில் நிறை. இரண்டுக்கு இரண்டு அடி ரைல்ஸ் ஒரு பெட்டிக்கு நான்கு வரும். பெட்டி ஒன்று ஏறக்குறைய 30 கிலோ. 180 பெட்டி என்றால் 5,400 கிலோ. பெயின்ற் வாளி ஒன்று 14 கிலோவுக்குக் குறையாது, அறுபதும் சேர்ந்து 840. கொமட்டுகளும் அவற்றின் தண்ணீர்ப் பெட்டிகளும் ஒரு 400. தாங்கிகள் நான்கும் சேர்ந்தே நூறு கிலோதான் வரும். ஆக மொத்தம் ஆறே முக்கால் தொன்.

இனி இடம். ரைல்ஸ் பெட்டியை நிமிர்த்தி அடுக்கினால் ஒன்றின் தடிப்பு நாலு சென்ரிமீற்றர். லொறியின் அகலத்துக்கு மூன்று வரிசை வைக்கலாம். வரிசைக்கு 60 பெட்டி, அதாவது எட்டு அடி நீளம், இரண்டு அடி உயரம். பதினாலரை அடி லொறியின் தரையில் பாதிக்குச் சற்று மேல் போகும், அவ்வளவுதான். மேலே முழுக்க வெறும் காற்று. பார்ப்பவர் கண்ணுக்கு "இன்னும் எவ்வளவு இடம் கிடக்கிறது" என்றுதான் தோன்றும். அதனால் "எல்லாம் அடங்கும்" என்று அந்த லொறிக்காரர் சொன்னது பொய்யில்லை. அடங்கும். ஆனால் அந்த அளவு லொறி தாங்க வேண்டியது மூன்றரை, மிஞ்சினால் நான்கு தொன். நீங்கள் ஏற்றப் போவது அதைவிட முக்கால் பங்கு கூட.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் இதே பிழையை விட்டேன். மகளின் கலியாணத்துக்கு முன் வீட்டுக்கு ரைல்ஸ் பதிக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் அவசரப்படுத்தினார். வாடகை குறையட்டும் என்று ஒரே லொறியில் ஏற்றிவிட்டேன். மதவாச்சி தாண்டி வவுனியாவுக்குப் போகும் வழியில், இரவு இரண்டு மணிக்கு லொறியின் பின்பக்க ரயர் வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஜாக் வைத்துத் தூக்க முடியாத பாரம். மழையில் பாதிப் பெட்டிகளை வீதியோரம் இறக்கி, விடிந்த பிறகு வேறு லொறி பிடித்து ஏற்றினோம். நனைந்த மட்டைப் பெட்டியைத் தூக்கினால் அடி கழன்று ரைல்ஸ் காலடியில் விழும். முப்பது பெட்டிக்கு மேல் போயிற்று. அந்தப் பெரியவர் ஒரு சொல்லும் பேசாமல் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த நட்டத்தை நான் கொடுத்துத் தீர்த்தேன். ஆனால் அதே நிறத்தில் ரைல்ஸ் மறுபடி கிடைக்கவில்லை.

அதனால் உங்களுக்கு இருபது அடிக்காரர் சொல்வதுதான் சரி. அப்போதும் நீளத்தை மட்டும் கேட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். அந்த லொறி எத்தனை தொன் ஏற்றலாம் என்பது அதன் பதிவுப் பத்திரத்தில் இருக்கும். அதைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரை விட்டுவிடுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. ரைல்ஸைக் கொழும்பிலேயே வாங்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். ரைல்ஸ் கம்பனிகளுக்கு யாழ்ப்பாணத்திலும் விற்பனை முகவர்கள் இருக்கிறார்கள். சுன்னாகத்தில் இறக்கித் தரும் விலை என்ன என்று அவர்களிடம் கேட்டு, இங்கே நீங்கள் வாங்கும் விலையோடு வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, உடைவு எல்லாவற்றையும் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள். பாரமான சாமானில் இந்தக் கணக்கு சில நேரம் தலைகீழாகிவிடும். ரைல்ஸ் அங்கேயே கிடைத்துவிட்டால் மிச்சத்துக்குப் பதினாலரை அடி லொறி தாராளம்.

வாடகை வித்தியாசத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தூரத்தைப் பார்த்து மட்டும் யாரும் வாடகை சொல்வதில்லை. கொழும்பிலிருந்து சுன்னாகம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர், போக வர 800. நடுத்தர லொறி லீற்றருக்கு ஆறு, ஏழு கிலோமீற்றர்தான் ஓடும். ஆக 110 முதல் 130 லீற்றர் டீசல். பெற்றோலியக் கூட்டுத்தாபனம் மாதக் கடைசியில் விலையை மாற்றும்போது இந்தச் செலவும் மாறும். 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனபோது பல பேர் லொறியை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே இன்றைக்குச் சொன்ன வாடகை அடுத்த மாதமும் இருக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

ஆனால் டீசலைவிட வாடகையைத் தீர்மானிப்பது, திரும்பி வரும் லொறியில் என்ன இருக்கும் என்பதுதான். சின்ன வெங்காயம், வாழைக்குலை, மரக்கறி என்று யாழ்ப்பாணத்திலிருந்து இரவிரவாக வரும் லொறிகள் விடியற்காலை பேலியகொடை மெனிங் சந்தையில் இறக்குகின்றன. இறக்கி முடித்ததும் அந்தச் சாரதிகளுக்கு ஒரே கவலை, வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது. அப்படி ஒரு ஊர் லொறி கிடைத்தால் வாடகை நன்றாகக் குறையும். களனியில் உங்கள் ரைல்ஸ் ஸ்டோர், பேலியகொடைக்குப் பக்கத்திலேயே. இது உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். உங்கள் கணவர் சுன்னாகம் சந்தைப் பக்கம் போய், கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் லொறிக்காரர்கள் யார் என்று விசாரித்தால் போதும். ஊர்க்காரர் என்றால் உங்கள் ஒழுங்கையும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். எல்லாரும் ஏற்றும் இடத்திலிருந்து திட்டம் போடுவார்கள். எத்தனை மணிக்கு லொறி வரும், எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று. நீங்கள் இறக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். லொறி உங்கள் வாசலில் நிற்கிறது, முதல் பெட்டியை யார் கையில் வாங்குவார்? அதற்குப் பதில் தெரிந்த பிறகு பின்னோக்கி வாருங்கள்.

உங்கள் ஒழுங்கையின் அகலத்தை நாளைக்கே அளக்கச் சொல்லுங்கள். இருபது அடி லொறி எட்டு அடி அகலம் இருக்கும், இரண்டு பக்கமும் வேலி. முடக்கில் அது திரும்புமா? குறுக்கே போகும் மின்வயர் எவ்வளவு உயரம்? தாங்கிகள் மேலே கட்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மழை பெய்த மண் ஓரத்தில் ஏழு தொன் லொறி ஒரு சில்லைப் புதைத்துவிட்டால் அன்றைய நாள் முடிந்தது. சந்தேகம் இருந்தால் ஒழுங்கைக்குள் விடவே வேண்டாம். லொறியை கே.கே.எஸ். வீதியோரம் நிறுத்தி, லான்ட்மாஸ்டரில் (பெட்டி பூட்டிய இருசில்லு உழவு இயந்திரம்) ஐந்தாறு நடையாக உள்ளே எடுங்கள். லான்ட்மாஸ்டர் கூலியையும் இப்போதே வாடகைக் கணக்கில் போட்டுவிடுங்கள். காலையில் வீதி பரபரப்பாகுமுன் தொடங்கினால் நல்லது.

இறக்குவதற்கு நான்கு பேர் வேண்டும், லான்ட்மாஸ்டரும் சேர்ந்தால் ஆறு பேர். முதல் நாளே பேசி வையுங்கள். ஆள் இல்லாமல் லொறி மத்தியானம் வரை நின்றால், சாரதிக்கு அன்று பின்னேரம் ஏற்றவிருந்த வெங்காயம் கைவிட்டுப் போகும். அந்த நட்டத்தை அவர் உங்களிடம்தான் கேட்பார், கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. எத்தனை மணித்தியாலம் வரை சும்மா நிற்பார், அதற்குப் பிறகு மணிக்கு எவ்வளவு என்பதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, இனி ஏற்றும் பக்கம். தரையில் முதலில் போக வேண்டியது ரைல்ஸ். அதனால் லொறி நேரே களனி ஸ்டோருக்குப் போகட்டும். பழைய சோனகத் தெருவுக்கு இருபது அடி லொறியைக் கொண்டுபோக வேண்டாம். கைவண்டியும் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரும் நிறைந்த அந்தத் தெருவில் லொறி நிற்க இடம் கிடைப்பதற்கே அரை நாள் போய்விடும். பெயின்ற், கொமட், தாங்கி எல்லாவற்றையும் டிமோ பட்டா என்ற சின்ன லொறி ஒன்றில் இரண்டு நடையாகக் களனிக்கு எடுத்து, அங்கே ஒன்றாக ஏற்றுங்கள். நாட்டாமிக் கூலி கடைக்காரர் தலையிலா உங்கள் தலையிலா என்பதைப் பில் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

ரைல்ஸ் பெட்டியைப் படுக்க வைத்து அடுக்க விடாதீர்கள். படுக்க வைத்தால் அடியில் உள்ளது மேலே உள்ள பாரத்தையும் வீதிக் குலுக்கத்தையும் சேர்த்து வாங்கும். நிமிர்த்தி, லொறியின் முன்சுவரோடு ஒட்டத் தொடங்கி, வரிசைக்கும் வரிசைக்கும் இடையில் மட்டை செருகி, கடைசி வரிசைக்குப் பின்னால் பலகை ஒன்று குறுக்கே வைத்து ஆப்பு அடிக்க வேண்டும். விரலால் ஒரு பெட்டியை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது யாழ்ப்பாணம் போய்ச் சேராது. அந்த ஒரு பெட்டியின் ஆட்டம்தான் வரிசை முழுவதையும் தளர்த்தும். பின் சில்லுக்கு அப்பால், கதவோரம் ரைல்ஸ் வேண்டாம், குலுக்கம் அங்கேதான் அதிகம். பெயின்ற் வாளிகள் மூடி மேலே இருக்கும்படி, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல். தின்னர், டேர்பன்டைன் வாங்கியிருந்தால் அதைத் தனியாக வேறு வழியில் எடுங்கள், ஒரே லொறியில் போட வேண்டாம். கொமட்டுகளை வைக்கோலில் புதைத்து நடுவில் வையுங்கள். தாங்கிகள் கடைசியாக மேலே, வாய் மூடி, கயிறு இரண்டு பக்கமும் இழுத்து. வெறும் தாங்கி காற்றில் மேளம் மாதிரி அடிக்கும். கயிறு தளர்ந்தால் பறந்துவிடும்.

எல்லாப் பெட்டிக்கும் மார்க்கரால் இலக்கம் போடுங்கள். இது நான் பழைய நாளில் படித்த பாடம். 2002இல், போர்நிறுத்தக் காலத்தில், யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு ஓமந்தைச் சோதனைச்சாவடியில் சாமானை இறக்கிக் காட்டி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. இலக்கமும் பட்டியலும் இல்லாதவர்கள் எதைத் தொலைத்தோம் என்றே தெரியாமல் போனார்கள். இன்றைக்கு அந்தச் சோதனை இல்லை. பட்டியல் இன்னும் வேண்டும். மூன்று பிரதி எழுதி, சாரதியின் கையெழுத்தோடு ஒன்று உங்களிடம், ஒன்று சாரதியிடம், ஒன்றைப் படம் எடுத்துக் கணவருக்கு. கடைப் பில்களின் பிரதியும் சாரதியோடு போக வேண்டும், வழியில் பொலிஸ் கேட்டால் காட்ட.

உடைவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு வருகிறேன். லொறியின் காப்புறுதி லொறிக்கும், அது மோதும் மற்றவர்களுக்கும்தான். அதற்குள் இருக்கும் உங்கள் சாமானுக்கு அல்ல. பலர் இதை விபத்து நடந்த பிறகுதான் அறிகிறார்கள். ஒரு பயணத்துக்கு மட்டும் சாமானுக்குக் காப்புறுதி எடுக்கலாம், காப்புறுதி முகவரிடம் கேளுங்கள். ஆனால் விபத்தில்லாமல் வெறும் குலுக்கத்தால் உடைவது அதில் சேருமா என்று எழுத்தில் வாங்குங்கள், ரைல்ஸிலும் கொமட்டிலும் அதுதானே நடக்கும். லொறிக்காரரோடு நீங்கள் பேச வேண்டியது வேறு. ஏற்றும்போது நல்லதாக எண்ணி ஒப்படைத்தது இறக்கும்போது இத்தனை பெட்டிக்கு மேல் உடைந்திருந்தால் வாடகையில் கழிப்பேன் என்பது. நான் என் வாடிக்கையாளருக்கு நூற்றுக்கு இரண்டு பெட்டி வரை உடைவை ஏற்கச் சொல்வேன், அதற்கு மேல் போனால் கேள்வி கேட்கலாம். வாடகையில் பாதியை ஏற்றியதும் கொடுங்கள், மிச்சம் எண்ணி முடித்த பிறகு. முழுவதையும் முன்கூட்டியே கேட்பவரோடு வேண்டாம். ஒன்றுமே முன்பணம் தராமல் டீசலுக்கு அவரை அலைய விடவும் வேண்டாம்.

எப்போது அனுப்புவது? டிசம்பர் கடைசியில் நத்தார், புதுவருடம், பிறகு பொங்கலுக்குத் துணிமணியும் பலசரக்கும் வடக்குக்கு ஏறும் காலம். லொறி தட்டுப்பாடு, வாடகையும் ஏறும். போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் பல கடைகள் பூட்டு. டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று வரும், கலண்டரைப் பாருங்கள். எனக்கென்றால் டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஏற்றிவிடுவேன். வடக்கில் மழை அப்போதும் இருக்கும், அதனால் கடைக்குக் கூரையும் கதவும் பூட்டும் அதற்குள் தயாராக வேண்டும். லொறி நாலு பக்கமும் மூடிய கூடுள்ளதாக இருந்தால் நல்லது. திறந்த லொறி என்றால் ஓட்டையில்லாத படங்கு இரண்டு. படங்கை ஏற்றும் நாளில் விரித்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வழியைச் சாரதியிடம் விட்டுவிடுங்கள், ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள், இது ரைல்ஸ் என்று. புத்தளம் வழி சமதளமான வீதி, உடையும் சாமானுக்கு எனக்கு அதுதான் விருப்பம். ஆனால் புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் இரவில் யானை வரும், கலா ஓயா பெருகினால் வீதியும் மூடப்படும். மழை கூடினால் குருநாகல் வழி. எந்த வழியில் போனாலும் மதவாச்சிக்கு முன்பே ஒன்றாகி ஏ9இல்தான் மேலே போக வேண்டும். மாங்குளம், முறிகண்டிப் பக்கம் நடு வீதியில் மாடுகள் படுத்திருக்கும். லைட் அடித்த பிறகுதான் தெரியும். வேகமாக வந்தால் பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.

அதனால் "விடிய ஐந்து மணி" என்ற வாக்குறுதியை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டாம். ஏழு தொன்னோடு நிதானமாக ஓடினால் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகும். இரவு ஏழுக்கு வெளிக்கிட்டால் காலை ஏழு. பகல் முழுக்கப் பாரம் ஏற்றி நின்ற அதே சாரதி இரவும் தனியே ஓட்டக் கூடாது. மாற்றி ஓட்ட இரண்டாவது சாரதி இருக்கிறாரா, அல்லது ஏற்றும் பகலில் இவர் தூங்குவாரா என்று கேளுங்கள். இரண்டாவது சாரதிக்குக் கூடுதல் காசு கேட்டால் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். இந்த வீதியில் அதிகாலை மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் தூங்கிப்போன சாரதிகளின் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். வழியில் அடிக்கடி அழைத்து "எங்கே வந்துவிட்டீர்கள்" என்று கேட்கவும் வேண்டாம்.

ஒரே ஒரு அழைப்புப் போதும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிறுத்துவார்கள், தேங்காய் உடைக்காமல் யாரும் தாண்டமாட்டார்கள். அங்கிருந்து ஒரு அழைப்பு எடுக்கச் சொல்லி வையுங்கள். அந்த அழைப்பு வந்தால் இரண்டு மணித்தியாலத்தில் லொறி சுன்னாகத்தில். கணவர் அப்போது இறக்கும் ஆட்களுக்கும் லான்ட்மாஸ்டர்காரருக்கும் சொன்னால் போதும், யாரும் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டியதில்லை. சாரதிக்கும் கிளீனருக்கும் காலைச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சாமான் இறங்கும் நேரத்தில் கடை விறாந்தையில் ஒரு பாய் விரித்துக் கொடுத்தால் சாரதி இரண்டு மணித்தியாலம் தூங்கி எழும்புவார். அன்று பின்னேரமே அவர் வெங்காயம் ஏற்றிக்கொண்டு இதே வீதியால் திரும்ப வேண்டும்.